கரிக்கோடு

கன்னி மாசம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் நாய்களுக்கு வீடு மறந்துபோகும். வயல் வரப்பிலும் ரப்பர் விளையிலும் சந்தை முக்கிலும் ஏழெட்டாகக் கூடி அலையும். ராத்திரி முழுக்கக் குரைப்பும் கடிபிடியும். வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிற பையன்களைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்பார்கள்: "கன்னி மாசத்துப் பட்டி போல எங்கடே அலையுத?"

பட்டி என்றால் நாய். மலையாளத்திலிருந்து எங்கள் தமிழுக்குள் நடந்தே வந்த சொல். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் பிறந்தவர்களுக்குச் சொல்லில் எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. அம்மை வீடு தமிழ்நாடு, அப்பன் வீடு கேரளம் என்று ஆகிப்போன குடும்பங்கள் எத்தனையோ. எங்களுடையதும் அதில் ஒன்று.

கன்னி மாசத்துக் கணக்கு வெறும் வசவு இல்லை. நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடிகிற நேரத்தில்தான் இணை சேர்கின்றன. இரண்டு மாதமும் சில நாளும் கழித்து, பனி விழுகிற விருச்சிக மாச விடியலில், வைக்கோல் போருக்கு அடியில் குட்டிகள் முனகும். நாய் விஷயத்தில் அன்று எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். தாய் எது என்று தெரியும். தகப்பன் எது என்று யாரும் கேட்டதில்லை. செவலை பெற்ற குட்டிகளில் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று புள்ளி என்று இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் மைனி வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதற்கடுத்த கட்டங்களில் 2, 3, 4 என்று சின்னச் சின்ன எண்கள். சிட்டித் தவணையோ மருந்துக் கணக்கோ என்று நினைத்துக் கேட்டேன். "அது மோளிக்கு ரத்தம் கண்ட நாளு" என்றார் மைனி. மோளி அவர் வளர்க்கிற பக் இனத்து நாய். சப்பை மூக்கும் சுருங்கிய நெற்றியுமாகக் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. "பத்தாம் நாளு டாக்டர்கிட்ட கொண்டு போவணும். ஊசி வழிதான் பிள்ள பிடிக்கணும்."

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வேறொரு சுவர் ஞாபகம் வந்தது. அம்மச்சியின் மாட்டுத் தொழுத்துச் சுவர். அதில் வரிசையாகக் கிடந்த கரிக்கோடுகள்.

காளை போன வழி

அம்மச்சிக்கு எழுத்து தெரியாது. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் இழுத்தால் அது கணக்கு. பசு இணை தேடிக் கத்துவதைக் கரைவது என்போம். பசு கரைந்த நாளுக்கு ஒரு கோடு. அதிலிருந்து நாளைக்கொன்றாகச் சின்னக் கோடுகள். இருபத்தோராம் கோடு வருகிறபோது அம்மச்சி ராத்திரி தூங்கமாட்டாள். பசு மறுபடி கரைந்தால் போன தடவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். கரையாமல் அசைபோட்டுக்கொண்டு கிடந்தால், காலையில் எழுந்து முதல் கோட்டின் தலையில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். சிலுவை மாதிரி இருக்கும். பசு சினை என்று வீட்டுக்குத் தெரிவிப்பது அந்தக் குறிதான்.

அவளுடைய இளவயதில் காளை இருந்தது. ஏலா முழுக்க நெல் விளைந்த காலம். பசு கரைந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காளை வைத்திருப்பவர் வீட்டுக்கு நடக்க வேண்டும். போகிற வழியில் பசு இழுக்கும், முரண்டும், வேலியை முறிக்கும். போய்ச் சேர்ந்தால் காளை உழவுக்குப் போயிருக்கும். வந்தாலும் களைத்து நிற்கும். அதற்குள் பசுவின் வேகம் தணிந்துவிட்டால், வெறுங்கையோடு திரும்பி இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கூலி நெல்லாகவோ தேங்காயாகவோ போகும். ஊரில் பிறக்கிற கன்றுகளில் பாதிக்கு ஒரே காளையின் நெற்றி இருக்கும்.

1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமரன் என்பவர் இந்தியாவில் முதல் தடவையாகச் செயற்கைக் கருவூட்டலைச் செய்து பார்த்தார். எங்கள் ஊருக்கு அது வந்து சேர மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1961-இல் கேரளத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத காளையை விதையடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1963-இல் இந்தோ–சுவிஸ் திட்டம் மூணாறுக்கு மேலே மாட்டுப்பெட்டியில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் காளைகள் அந்தக் குளிர்மலையில் வந்து இறங்கின. பிறகு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன். எல்லாம் நாட்டுப் பசுவோடு கலந்து உண்டான மாட்டுக்குச் சுனந்தினி என்று அழகான பெயர் வைத்தார்கள். மாட்டுப்பெட்டி, குளத்துப்புழை, தோணி என்று மூன்று இடங்களில் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் காளை வளர்த்தது. அவற்றில் ஒன்றுகூட எங்கள் ஊரை மிதித்ததில்லை. எங்கள் ஊர்க் கன்றுகளுக்குத் தகப்பன் அவைதான்.

நடுவில் நின்றவர் எல்.ஐ. சார். லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் என்பதை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. முக்கில் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறைதான் ஐ.சி.டி.பி. என்கிற கால்நடை வளர்ச்சித் திட்டத்தின் சப் சென்டர். அங்கே போய், "சாரே, பசு கரையுது, அம்மச்சி கூட்டிட்டு வரச் சொன்னா" என்று சொல்வது பள்ளிக்கூடத்துப் பையனான என் வேலை.

முதலில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கோடு வந்தார். பின்னால் நைட்ரஜன் வந்தது. குண்டுச் செம்பு போன்ற அலுமினியப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கழுத்தைச் சுற்றி வழியும். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. நீண்ட இடுக்கியால் ஒரு சின்னக் குழலை எடுப்பார். ஊதுபத்திக் குச்சிப் பருமன், கால் மில்லி கொள்ளும். அதற்குப் பெயர் ஸ்ட்ரா. அதன் மேல் பொடி எழுத்தில் காளையின் எண். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம். துடைத்து, முனையைக் கத்தரித்து, எஃகுக் கம்பியில் மாட்டி, மேலே உறை போட்டு வாயில் கவ்விக்கொள்வார். தோள் வரை கையுறை. இடது கை பசுவின் குடல் வழியே உள்ளே போய்க் கருப்பையின் வாயைப் பிடித்து நிறுத்தும், வலது கை கம்பியைச் செலுத்தும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பசு திரும்பிப் பார்ப்பதற்குள் சார் கை கழுவிக்கொண்டிருப்பார்.

எனக்கு அந்த இரண்டு நிமிஷத்தை விட அதற்கு முந்தைய பேச்சுத்தான் மனதில் நிற்கிறது. வந்தவுடன் பாத்திரத்தைத் திறக்கமாட்டார். தொழுத்து வாசலில் நின்று அம்மச்சியிடம் கேட்பார்:

"எப்போ தொடங்கிச்சு?"

"நேத்து வெளக்கு வைக்கிற நேரம், சாரே. தீனி எடுக்கல. பக்கத்துப் பசு மேல கால போட்டுச்சு. வெளுக்கும்போது கண்ணாடி மாதிரி வழிஞ்சுது."

சார் தலையாட்டுவார். காலையில் கரைந்தால் சாயங்காலம், சாயங்காலம் கரைந்தால் மறுநாள் காலை. இதுதான் படித்தவர்கள் கற்றுக்கொடுத்த விதி. அம்மச்சி சொன்னது விதிக்குப் பொருந்தினால் பாத்திரம் திறக்கும். "இன்னும் நேரம் ஆகல, அம்மா, உச்சைக்கு வாறேன்" என்று திரும்பிப் போன நாளும் உண்டு. எத்தனை மைலுக்கு அப்பாலிருந்து காளையின் வித்து வந்தாலும், அது உள்ளே போக வேண்டிய நேரத்தை ஒரு கிழவியின் வாயிலிருந்துதான் வாங்கினார்கள்.

பிறந்த கன்று பழுப்பு நிறம், பெரிய காது. ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. அதன் தாய் கறந்ததைப் போல மூன்று மடங்கு அது கறந்தது. பாறசாலையில் அரசு ஆட்டுப் பண்ணை உண்டு. இரண்டும் மூன்றுமாகக் குட்டி போடும் மலபாரி ஆடு. காலப்போக்கில் ஆட்டுக்கும் ஸ்ட்ரா வந்தது. காளை மட்டும் ஊரைவிட்டுப் போயிற்று. நெல்வயல் மரச்சீனியும் வாழையும் ரப்பருமாக மாறியதில் உழவும் போயிற்று. இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காளையைப் பார்த்திருப்பது படத்தில். கேரளத்து மாடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கலப்பினம். நாட்டு மாடு அற்றுப்போகிற நிலைக்கு வந்தபோது, 1989-இல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியின் பேராசிரியை சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு வேச்சூர்ப் பசுவை ஊர் ஊராகத் தேடி அலைந்தார். விதையடிப்புக்குத் தப்பிய ஒன்றிரண்டு காளைகள் கிடைத்ததால் அந்த இனம் பிழைத்தது. அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பால் பெருகியதும் உண்மை, வேச்சூர் தப்பியது மயிரிழையில் என்பதும் உண்மை.

பட்டிக்கு வந்த மதிப்பு

மாட்டுக்கு இத்தனையும் நடந்த காலத்தில் நாயை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிக்கு ஆள் வரும். பெண் குட்டியை யாரும் எடுக்கமாட்டார்கள். "பெட்டப் பட்டி வளந்தா கன்னிக்கு வீட்டு முற்றத்துல பட்டிச் சந்தைதான்" என்பார்கள். சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவிட்டு வருவது வழக்கம். அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனதில் என் கையும் உண்டு. இணை சேர்ந்து பிரிய முடியாமல் நிற்கும் நாய்கள் மேல் கல்லெறிந்ததிலும் உண்டு. அந்தப் பிணைப்பு கால் மணி, அரை மணி கூட நீளும், அது அவற்றின் உடற்கூறு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வளைகுடாப் பணம் வந்து வீடுகளுக்கு மதிலும் இரும்புக் கேட்டும் ஏறியபோது நாய்க்கு இனம் வந்தது. முதலில் வெள்ளைப் பொமரேனியன். பிறகு அல்சேஷன். அதற்குப் பிறகு லேப், டாபர்மேன், ராட்வைலர். இனம் வந்ததும் ஊர் முதல் தடவையாக நாயின் தகப்பனைத் தேடியது. அல்சேஷன் பெட்டைக்கு அல்சேஷன் ஆண் வேண்டும். இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம். "மார்த்தாண்டத்துல ஒரு வாத்தியாரு வீட்டுல நல்ல ஆண் இருக்காம்" என்று துப்பு வரும். ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளை வழியாகப் போவார்கள். பாறசாலையில் பாலைச் சோதிக்கச் சாவடி இருக்கிறது, மாட்டுக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது. மடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிராசிங்குக்குப் போகும் நாயை மறித்து யாரும் சீட்டுக் கேட்டதாக நினைவில்லை.

ஆண் நாய்க்காரருக்குக் கூலி ஒரு குட்டி, பெரும்பாலும் அவர் பார்த்து எடுத்துக்கொள்ளும் முதல் குட்டி. போன இடத்தில் எப்போதும் காரியம் நடக்காது. பெட்டை உட்கார்ந்துவிடும், ஆணைக் கடிக்கும், அல்லது ஆண் முகர்ந்துவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாள் சரியில்லை என்று அது சொல்கிறது. யாருக்கும் அது கேட்காது. இரண்டு பேர் சேர்ந்து பெட்டையின் கழுத்தைப் பிடித்துக் கட்டாயப்படுத்தியதும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சூத்திரம், ரத்தம் கண்டு பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும். யார் கண்டுபிடித்தது என்று தெரியாது. ஆனால் களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை அதே சூத்திரம்தான்.

இன்று கணக்கு தலைகீழ். வளர்ப்பதற்கு வாங்குகிறவர் ஆணைக் கேட்கலாம். ஈத்துக்கு வாங்குகிறவர் பெண்ணைத்தான் கேட்கிறார். சாக்கில் போன பெண் குட்டி இப்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காரின் முன்சீட்டில் போகிறது.

மேசை மேல் பத்து நிமிஷம்

பாலூட்டிகளில் முதல் தடவையாகச் செயற்கைக் கருவூட்டல் செய்து குட்டி பெற்றதாகப் பதிவானது நாய்தான். மாட்டுக்கு வெகு காலம் முன்பே நாய்க்கு நடந்தது. 1780-இல் இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானி ஒரு ஸ்பேனியல் பெட்டையை அறையில் பூட்டி வைத்து, ஆண் நாயின் வித்தை உடற்சூட்டிலேயே குழல் வழியாகச் செலுத்தினார். அறுபத்திரண்டாம் நாள் மூன்று குட்டிகள் பிறந்தன. 1949-இல் லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜும் கூட்டாளிகளும், சீட்டு மாறி ஒட்டப்பட்ட ஒரு சீசாவின் புண்ணியத்தில், கிளிசரின் கலந்தால் வித்து உறைந்தும் சாகாது என்று கண்டுபிடித்தார்கள். எல்.ஐ. சாரின் வெள்ளைப் புகைக்கு மூலம் அந்தச் சீசா. ஆனால் உறையவைத்த வித்தில் நாய்க்குட்டி பிறக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத்தில் முதலில் தொடங்கிய நாய், எங்கள் ஊருக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது.

தாமதத்துக்குக் காரணம் நாயின் உடம்பு. பசுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு வாய்ப்பு, நாய்க்கு ஆறேழு மாதத்துக்கு ஒன்று. பசுவின் கருப்பை வாயைக் கையால் பிடிக்கலாம். நாய்க்கு அது எட்டாத ஆழத்தில், கோணலான இடத்தில் இருக்கிறது. உறைந்த வித்தைக் கருப்பைக்குள்ளேயே சேர்க்க வேண்டுமானால் நீளமான தனிக் குழலோ கேமரா பொருத்திய எண்டோஸ்கோப்போ வேண்டும், பழகிய கையும் வேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம் இல்லை இது. இன்றைக்கும் பெரும்பாலான நாய்கள் பழைய முறையில்தான் சேர்கின்றன. ஆண் சேர மறுத்தால், உடம்பு அமைப்பு ஒத்துவராவிட்டால், தொற்றுக் கட்டிக்கும் புரூசெல்லா கிருமிக்கும் பயந்தால், அப்போது நகரத்து மருத்துவரிடம் போகிறார்கள். இரண்டு நாயையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, எடுத்த வித்தை உடனே செலுத்துவதுதான் எளிய வழி.

மோளியை முதல் தடவை பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும்தான் கொண்டுபோனார்கள். பழைய சூத்திரம். ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னாராம். "அதுக்கு வேற ரூவா எதுக்கு, நாளு நான் எழுதி வச்சிருக்கேன்" என்று மைனி சொல்லிவிட்டார். குட்டி தங்கவில்லை. ஆறு மாசம் கழித்து இரண்டாம் தடவை என்னையும் துணைக்கு அழைத்தார்.

அன்று பார்த்ததைச் சொல்கிறேன். ஆண் பக்கை முதலில் கொண்டுவந்தார்கள். மோளியின் வாசம் பிடித்ததும் அதன் சுருட்டை வால் ஆடத் தொடங்கியது. கருவி எதுவும் இல்லை, மருத்துவரின் கையும் ஒரு புனலும் குழாயும்தான். மூன்று பாகமாக வரும், முதலும் கடைசியும் தெளிந்த நீர், நடுவில் வருகிற பால் நிறம்தான் வேண்டியது என்று விளக்கினார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கன்னி மாசத்து மழையில் வயல் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் துள்ளுகிற மாதிரி இருந்தது. பிறகு மோளி. ஒரு மெல்லிய குழல், ஒரு சிரிஞ்ச், ஒரு நிமிஷம்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் எதிர்பாராத வேலை. "பின்காலைத் தூக்கிப் பிடிங்க, பத்து நிமிஷம்" என்றார் மருத்துவர். மைனி ஸ்டூலில் உட்கார்ந்து, மோளியின் பின்னுடம்பை மடியில் ஏற்றி, தலை கீழே சாய்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். இயற்கையில் அந்த நீண்ட பிணைப்பு செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே ஒரு பெண்ணின் மடி செய்கிறது. மோளி குறட்டை விட்டது. மைனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கல்லெறிந்த கையோடு நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த நாள் பதினெட்டாம் நாள். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. இரண்டாம் தடவை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் குறைவு, பன்னிரண்டிலும் குறைவு, பதினைந்தில் ஏறியது. மருத்துவர் சொன்ன விவரம் எனக்குப் புதிது. நாயின் கருமுட்டை வெளியே வரும்போது முற்றாத காய். முற்றி வித்தை ஏற்க இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த முட்டை வெளிவரும் நாள் நாய்க்கு நாய் மாறும், சிலதுக்கு முதல் வாரத்திலேயே, சிலதுக்கு மூன்று வாரம் கடந்தும். ஆண் நாயின் வித்து உள்ளே ஐந்தாறு நாள் உயிரோடு காத்திருக்கும். தெருநாய்க்குக் கணக்கு தேவைப்படாத ரகசியம் அதுதான். குளிர்வித்த வித்துக்கு ஆயுள் இரண்டொரு நாள், உறைந்து இளகிய வித்துக்கு ஒரு நாள் இருந்தால் அதிகம். வித்து எத்தனை தூரம் பயணம் செய்து வருகிறதோ அத்தனைக்கு நாள் சுருங்கும்.

அவர் கடைசியாக மைனியிடம் கேட்டார்: "போன தடவை இவ வாலை ஒதுக்கிக் கொடுத்தது எந்த நாளு?" மைனி கொஞ்சம் யோசித்தார். "அது… டாக்டர்கிட்ட வந்துட்டுப் போன பிறகு, நாலஞ்சு நாளு கழிச்சு. அப்போ நான் கவனிக்கல, நாளு முடிஞ்சு போச்சேன்னு விட்டுட்டேன்." மோளி சொல்லித்தான் இருக்கிறது. காலண்டரில் பன்னிரண்டைத் தாண்டிக் கட்டம் எழுதாததால் கேட்கவில்லை.

கணக்கு யார் கையில்

மாட்டுக்கு ஸ்ட்ரா வந்தபோது அதன் பின்னால் அரசாங்கம் இருந்தது. எந்தக் காளை, அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறந்தார்கள் என்று பார்த்துத்தான் வித்தை அனுப்பினார்கள். ஸ்ட்ராவின் மேல் எண் இருந்தது. தவறும் நடந்தது. ஆனால் கேள்வி கேட்க ஒரு சப் சென்டர் முக்கில் இருந்தது.

நாய்க்குப் பின்னால் இருப்பது சந்தை. சென்னையில் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தாள் இருந்தால் குட்டிக்கு ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. 2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளை வெளியிட்டது. ஈத்துக்கு விடும் பெட்டைக்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சந்தையோரம் கூடையில் குட்டி விற்கிறவரிடமும், கைப்பேசியில் படம் அனுப்பி விற்கிறவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று தெரியும்.

கருவூட்டல் என்கிற நுட்பத்தில் குற்றமில்லை. அது எதை மறைக்கிறது என்பதுதான் விஷயம். பக்கும் புல்டாகும் மனிதன் தன் கண்ணுக்கு அழகாக மூக்கை நசுக்கி உண்டாக்கிய இனங்கள். மூச்சு வாங்குவதால் சேர முடியவில்லை, தலை பெருத்ததால் பெற முடியவில்லை. ஒரு முனையில் சிரிஞ்ச், மறுமுனையில் சிசேரியன். நடுவில் நின்று தடுக்கவேண்டிய இயற்கையை நாம் சுற்றிக்கொண்டு போகிறோம். பெயர்பெற்ற ஒரே ஆணின் வித்து நூறு பெட்டைக்குப் போனால், அதன் ரத்தத்தில் ஒளிந்திருக்கிற கோளாறும் நூறு வீட்டுக்குப் போகும். அம்மச்சியின் காலத்தில் பாதி ஊர்க் கன்றுகளுக்கு ஒரே நெற்றி இருந்தது. இங்கே அந்த ஊருக்கு வேலியே கிடையாது.

இதே நுட்பம் வேறு விதமாகவும் பயன்படலாம். சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை வளர்த்துக் கொடுத்துவந்தது. ராஜபாளையத்திலும் சிப்பிப்பாறையிலும் கலக்காத ரத்தம் குறைந்துபோய், உள்ளதற்குள்ளேயே சேர்ந்துசேர்ந்து, கோளாறோடு குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். தூரத்து ஊரில் இருக்கும் உறவில்லாத ஆணின் வித்து ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தால் அந்த ரத்தத்துக்குக் காற்று வரும். வேச்சூருக்கு நேர்ந்தது தெரிந்த ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் சந்தை முக்கில் இன்னொரு காட்சியும் உண்டு. கருத்தடை செய்து காதில் வெட்டு அடையாளம் போட்டுவிட்ட தெருநாய்கள் கடைத் திண்ணையில் படுத்துக் கிடக்கும். அவற்றின் நடுவே சில நாள் ஒரு கிழட்டு லேப் நிற்கும். காம்புகள் தொங்கிப்போன பெட்டை. பெற்று முடித்ததும் யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அன்று சாக்கில் போனது கண் திறக்காத குட்டி. இன்று இறக்கிவிடப்படுவது பெற்றுத் தீர்ந்த தாய்.

மோளிக்கு நான்கு குட்டிகள். அறுவை செய்துதான் எடுத்தார்கள். போன வாரம் போயிருந்தபோது அவை அடுக்களை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காலண்டரில் எட்டு வாரம் முடியும் நாளில் மைனி வட்டம் போட்டிருந்தார். மோளிக்கு இனி ஈத்து உண்டா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். பிறகு குனிந்து அதன் வயிற்றுத் தையலைத் தடவிப் பார்த்து, "வேண்டாம், மக்களே. இது மூச்சு வாங்குறது எனக்குத் தெரியுது" என்றார்.

தொழுத்து இருந்த இடத்தில் இப்போது அண்ணனின் கார் நிற்கிறது. சுவரை இடிக்கவில்லை, வெள்ளையடித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் ஈரம் ஊறும்போது சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கறுப்பாகச் சில கோடுகள் தெரியும். பசு கரைவதைக் கண்டபிறகுதான் அம்மச்சி ஒவ்வொரு கோட்டையும் இழுத்தாள். ஒரு கோட்டின் தலையில் குறுக்குக் கோடு இருக்கிறது. அது எந்தப் பசு என்று கேட்டால் சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை.